தங்கக் கால்சட்டை

1934-ல் ஒஹாயோ ஸ்டேட் பல்கலைக்கழகத்துக்குப் புது ஃபுட்பால் கோச்சாக வந்தவர் பிரான்சிஸ் ஷ்மிட். வந்த கையோடு எல்லாரும் அவரிடம் கேட்டது ஒன்றே ஒன்றுதான்: மிச்சிகனை எப்படி ஜெயிக்கப் போறீங்க? அதற்கு முந்தைய இரண்டு வருஷமும் மிச்சிகனிடம் ஒரு பாயிண்ட்கூட எடுக்காமல் தோற்றிருந்தார்கள். ஷ்மிட் சொன்ன பதில் அந்த ஊர்ப் பழமொழி மாதிரி ஒன்று. அவர்களும் நம்மைப் போல ஒவ்வொரு காலாகத்தான் கால்சட்டைக்குள் விடுகிறார்கள், அவ்வளவுதான். அதாவது, அவங்களும் மனுஷங்கதான்.

அந்த வருஷம் 34-0 என்று ஜெயித்தார்கள். அன்றிலிருந்து, மிச்சிகனை ஜெயிக்கும் ஒவ்வொரு முறையும் டீமில் இருக்கும் ஒவ்வொருவருக்கும் ஒரு குட்டித் தங்கக் கால்சட்டை கிடைக்கும். சங்கிலியில் கோத்துக்கொள்கிற மாதிரி, விரல் நகம் பெரிசுக்கு. அதில் பையனின் பெயர் எழுத்துகள், வருஷம், ஸ்கோர். சாம்பியன்ஷிப் மோதிரத்தைவிட இதைப் பெரிதாக நினைக்கிறவர்கள் உண்டு.

இந்தக் கால்சட்டை பற்றி எனக்குத் தெரிந்தது 2016-ல். ஆபீஸ் வேலையாகக் கொலம்பஸில் இருந்தேன். நவம்பர் கடைசி வாரம் பல்கலைக்கழக வளாகத்தின் வழியாக நடந்தபோது போர்டுகளில் எல்லாம் 'எம்' என்ற ஆங்கில எழுத்தின் மேல் சிவப்பு டேப்பால் பெருக்கல் குறி போட்டிருந்தார்கள். கட்டடத்தின் பெயர், பார்க்கிங் அறிவிப்பு, எதையும் விடவில்லை. வெட்டிப் பசங்க வேலை என்று நினைத்துக்கொண்டேன். அப்புறம் பார்த்தால் எங்கள் ஆபீஸில், 50 வயதைத் தாண்டிய ஒரு டேட்டாபேஸ் ஆசாமி, மிச்சிகன் என்ற பெயரையே சொல்ல மாட்டார். "வடக்கே இருக்கிற அந்த டீம்." அந்த வாரம் முழுக்க அப்படித்தான்.

சனிக்கிழமை மேட்ச் பார்க்க அவர் வீட்டுக்குக் கூப்பிட்டிருந்தார். இரண்டு ஓவர்டைம் போய், கடைசியில் பந்து கோட்டைத் தொட்டதா இல்லையா என்று அங்குலக் கணக்கில் அளந்து, 30-27 என்று ஒஹாயோ ஜெயித்தது. அந்த மனிதர் அழுதார். நானும் ஏன் கத்துகிறேன் என்று தெரியாமல் கத்தினேன். அடுத்த நாளே கடைக்குப் போய் ஒரு சிவப்பு ஸ்வெட்ஷர்ட் வாங்கினேன் என்பதையும் ஒப்புக்கொள்கிறேன்.

அவர் வீட்டு பேஸ்மெண்ட் சுவரில் 2002 டீமின் ஒரு பெரிய படம் மாட்டியிருந்தது. பதின்மூன்றாம் நம்பர் போட்ட ஒருவன் பந்தை அணைத்துக்கொண்டு ஓடுகிறான். "இது யாரு?" என்று கேட்டேன். கொஞ்ச நேரம் பேசவில்லை. "கிளாரெட். அவன் மட்டும் ஒழுங்கா இருந்திருந்தா..." என்று ஆரம்பித்தவர், வாக்கியத்தை முடிக்காமல் சிப்ஸ் எடுத்து வர மாடிக்குப் போய்விட்டார்.

அந்தப் படத்தைக் கழற்றவும் இல்லை, அந்தப் பையனைப் பற்றிப் பேசவும் இல்லை. அது எனக்கு விசித்திரமாக இருந்தது. பிறகு பல மாதங்கள் அதைத் தேடிப் படித்தேன்.

முதலில் ஒரு விஷயத்தைச் சொல்லிவிட வேண்டும். இது நம்ம ஊர் ஃபுட்பால் இல்லை. முட்டை வடிவப் பந்து, கையில் தூக்கிக்கொண்டு ஓடுவது, ஹெல்மெட், ஒருவர் மேல் ஒருவர் மோதி விழுவது. காலுக்குப் பெரிய வேலை இல்லை. இதைவிட முக்கியம், 'காலேஜ் மேட்ச்' என்ற சொல் நம் மனதில் எழுப்பும் காட்சியை அழித்துவிட வேண்டும். நான் படித்த இன்ஜினியரிங் காலேஜில் மேட்ச் நடந்தால் ஆடுபவர்களும், ஹாஸ்டலில் போரடித்த இருபது பேரும் இருப்பார்கள். மிச்சிகன் ஸ்டேடியத்தில் 1,07,601 பேர் உட்காரலாம். குதிரை லாடம் வடிவத்தில் இருக்கும் ஒஹாயோ ஸ்டேடியத்திலும் ஒரு லட்சத்துக்கு மேல். இரண்டும் நிரம்பும். நடுவில் ஓடுகிறவர்களுக்கு 18 முதல் 22 வயது. அவர்கள் ஓடும் ஓட்டத்துக்கு டிவி உரிமை, டிக்கெட், சட்டை விற்பனை என்று கோடிக்கணக்கான டாலர் புரளும். சில வருஷங்கள் முன்பு வரை அதில் அந்தப் பசங்களுக்கு வந்தது ஃபீஸ், தங்குமிடம், சாப்பாடு. அந்த ஸ்காலர்ஷிப்பும் 1973-லிருந்து வருஷா வருஷம் புதுப்பிக்க வேண்டியதாக மாறியது. கோச்சுக்குப் பிடிக்காமல் போனாலோ, முட்டி போனாலோ, அடுத்த வருஷம் இல்லை.

இந்த இரண்டு மாநிலங்களின் சண்டை ஃபுட்பாலைவிடப் பழையது. 1835-ல் நிஜமாகவே சண்டைக்குப் போனார்கள். பழைய வரைபடம் ஒன்றில் மிச்சிகன் ஏரியின் தென்முனையைத் தப்பான இடத்தில் வரைந்துவிட்டதால், எல்லைக்கோடு எங்கே ஓடுகிறது என்பதில் குழப்பம். நடுவில் மாட்டிக்கொண்டது 468 சதுர மைல் பட்டை. அதில் இருந்த ஊர் டொலீடோ. ஒஹாயோ கவர்னர் ராபர்ட் லூக்கஸ் ஒரு பக்கம் படை திரட்டினார். மிச்சிகன் அப்போது மாநிலம்கூட இல்லை. அதன் பொறுப்புக் கவர்னர் ஸ்டீவன்ஸ் மேசனுக்கு அந்த வருஷம்தான் 24 வயது முடிந்தது. அவர் இன்னொரு பக்கம் படை திரட்டினார். மொத்தப் போரிலும் சிந்திய ரத்தம் ஒரே ஒருவருடையது. மிச்சிகனின் ஒரு துணை ஷெரீஃபை டொலீடோவில் ஒருத்தர் பேனாக்கத்தியால் குத்தினார். குத்தியவரின் பெயர் டூ ஸ்டிக்னி. ஆமாம், இரண்டு. அவர் அண்ணன் பெயர் ஒன். அப்பா பிள்ளைகளுக்கு வரிசை எண்ணையே பெயராக வைத்துவிட்டார். (புரோகிராமராக இருக்க வேண்டிய மனிதர், என்ன, பூஜ்யத்தில் ஆரம்பிக்காமல் விட்டுவிட்டார்.) ஷெரீஃப் பிழைத்துக்கொண்டார். கடைசியில் டொலீடோ ஒஹாயோவுக்குப் போனது. மிச்சிகனுக்கு ஆறுதலாக வடக்கே ஒரு பெரிய தீபகற்பம் கிடைத்தது, 1837-ல் மாநிலமும் ஆனது. ஆறுதல் பரிசில் பின்னால் செம்பும் இரும்பும் கிடைத்தன என்பது வேறு கதை. டொலீடோ என்ற ஊரை மட்டும் ஞாபகத்தில் வைத்துக்கொள்ளுங்கள்.

ஃபுட்பாலில் முதலில் மோதியது 1897-ல். மிச்சிகன் 34-0. 1918-லிருந்து 2019 வரை ஒரு வருஷம்கூட விடாமல் ஆடினார்கள், 2020-ல் கொரோனா வந்துதான் நிறுத்தியது. இந்த நீண்ட வரலாற்றில் எல்லாரும் திரும்பத் திரும்பச் சொல்வது 1969 முதல் 1978 வரை நடந்த பத்து வருஷ யுத்தம். இந்தப் பக்கம் வுடி ஹேஸ். அந்தப் பக்கம் அவரிடமே பாடம் கற்று, அவருக்கே உதவி கோச்சாக இருந்த போ ஷெம்பெக்லர். 1968-ல் மிச்சிகனை 50-14 என்று அடித்த ஹேஸின் டீம், அடுத்த வருஷம் தோற்கடிக்கவே முடியாது என்று பேரெடுத்து ஆன் ஆர்பருக்குப் போனது. சிஷ்யன் 24-12 என்று மண்ணைக் கவ்வ வைத்தார். பத்து வருஷக் கணக்கில் ஷெம்பெக்லர் ஐந்து, ஹேஸ் நாலு, ஒன்று டிரா.

இந்த ஒரு மேட்சுக்கு எவ்வளவு எடை என்று புரிய ஜான் கூப்பரைப் பார்க்கலாம். 13 வருஷம் ஒஹாயோ கோச். 111 வெற்றிகள். மிச்சிகனுக்கு எதிராக மட்டும் 2 வெற்றி, 10 தோல்வி, 1 டிரா. 2001 ஜனவரியில் அனுப்பிவிட்டார்கள். அவர் இடத்துக்கு வந்தவர் ஜிம் டிரெஸ்ஸல், யங்ஸ்டவுன் ஸ்டேட் என்ற சின்னப் பல்கலைக்கழகத்தில் நாலு சாம்பியன்ஷிப் வாங்கிக் கொடுத்தவர். பொறுப்பேற்ற நாளில் ஒரு பேஸ்கட்பால் மேட்ச் இடைவேளையில் மைக் பிடித்து, நம் பசங்களைப் பார்த்து நீங்கள் பெருமைப்படுவீர்கள், வகுப்பறையில், ஊரில், எல்லாவற்றுக்கும் மேலாக இன்னும் 310 நாளில் ஆன் ஆர்பர் மைதானத்தில் என்று சொன்னார். கூட்டம் எந்த இடத்தில் எகிறியிருக்கும் என்று நான் சொல்ல வேண்டியதில்லை. சொன்ன மாதிரியே ஜெயித்தும் காட்டினார்.

அவர் சொன்ன அந்த 'வகுப்பறை'யைப் பற்றிக் கொஞ்சம் பேச வேண்டும்.

'ஸ்டூடன்ட் அத்லெட்', அதாவது மாணவ விளையாட்டு வீரர் என்ற சொல் ஏதோ கிரேக்க காலத்து லட்சியம் மாதிரி ஒலிக்கும். அது 1950-களில் ஒரு அலுவலகத்தில் உட்கார்ந்து தயாரிக்கப்பட்ட சொல். 1955-ல் கொலராடோவில் ஃபோர்ட் லூயிஸ் என்ற சின்னக் கல்லூரிக்காக ஆடிய ரே டென்னிசன் மேட்சில் தலையில் அடிபட்டு இறந்துபோனார். வேலை செய்யும் இடத்தில் இறந்த தொழிலாளியின் குடும்பத்துக்குக் கிடைக்கும் இழப்பீடு தனக்கும் வேண்டும் என்று அவர் மனைவி கேட்டார். நியாயமான கேள்வி. ஸ்காலர்ஷிப் வாங்கிக்கொண்டு ஆடுவது வேலையா, இல்லையா? வேலை என்று ஒரு நீதிமன்றம் சொல்லிவிட்டால் நாடு முழுக்கப் பல்கலைக்கழகங்கள் ஒவ்வொரு உடைந்த கழுத்துக்கும் பதில் சொல்ல வேண்டும். 1957-ல் கொலராடோ உச்ச நீதிமன்றம், அந்தக் கல்லூரி ஒன்றும் ஃபுட்பால் வியாபாரத்தில் இல்லை என்று சொல்லி அந்தப் பெண்ணின் கோரிக்கையைத் தள்ளிவிட்டது. கல்லூரி விளையாட்டுகளை ஆளும் என்சிஏஏ அமைப்பின் அப்போதைய தலைமை நிர்வாகி வால்டர் பையர்ஸ். இந்த ஆபத்துக்குப் பயந்துதான் மாணவ விளையாட்டு வீரர் என்ற சொல்லை உருவாக்கி எல்லா விதிமுறைகளிலும் திணித்தோம் என்று 1995-ல் வந்த தன் நினைவுக்குறிப்பில் அவரே எழுதிவிட்டார். ஓய்வுபெற்ற பிறகு வருகிற ஞானம்.

ஆக, ஒரு விதவைக்குப் பணம் கொடுக்காமல் இருக்க உதவிய சொல் அது. இதைத் தெரிந்துகொண்ட பிறகு, மேட்ச் கமெண்டரியில் அந்தச் சொல் வரும்போதெல்லாம் எனக்கு ஒரு மாதிரி இருக்கும்.

இப்போது பதின்மூன்றாம் நம்பருக்கு வரலாம்.

மாரிஸ் கிளாரெட் 1983-ல் யங்ஸ்டவுனில் பிறந்தவர். அது ஸ்டீல் ஊர். சரியாகச் சொன்னால், ஸ்டீல் ஊராக இருந்தது. 1977 செப்டம்பர் 19-ம் தேதி அங்கிருந்த பெரிய ஆலைகளில் ஒன்றை மூடப் போவதாக அறிவித்தார்கள். ஏறக்குறைய 5,000 பேருக்கு வேலை போனது. அந்த ஊர்க்காரர்கள் அதைக் 'கறுப்புத் திங்கள்' என்கிறார்கள். அடுத்தடுத்து மற்ற ஆலைகளும் போயின. கிளாரெட் வளர்ந்தது அதற்குப் பிந்தைய யங்ஸ்டவுனில், போதையும் துப்பாக்கியும் மலிந்த தெருக்களில். ஓட்டம்தான் வெளியே போகிற வழி. ஸ்கூல் முடிக்க வேண்டிய வருஷத்தில், கடைசி சில மாதங்களை முன்கூட்டியே முடித்துவிட்டு, 2002 ஜனவரியிலேயே கொலம்பஸ் வந்துவிட்டார். 18 வயது.

அந்த சீசனில் அவர் ஓடியது 1,237 கஜம். 18 டச் டவுன். நவம்பர் 23-ம் தேதி மிச்சிகன் மேட்ச். தோள்பட்டைக் காயத்தோடு இறங்கினார். 119 கஜம் ஓடினார், ஒரு டச் டவுன். கடைசிக் கட்டத்தில் ஒஹாயோ இரண்டு பாயிண்ட் பின்னால் இருந்தபோது, ஓரமாக ஓடிப்போய்த் தோளுக்கு மேலாக வந்த பந்தைப் பிடித்து, கோட்டுக்குப் பக்கத்தில் கொண்டுபோய் நிறுத்தினார். அங்கிருந்து வேறொருவர் உள்ளே ஓடி 14-9. அந்தப் பந்தை அவர் பிடிக்கிற வீடியோவை நான் எத்தனை முறை பார்த்திருப்பேன் என்று தெரியாது. உடம்பு ஒரு பக்கம் ஓடும், தலை மட்டும் திரும்பும், கை தானாக நீளும். அந்தக் கணத்தில் அந்தப் பையனுக்கு வலி என்று ஒன்று இருக்கிற மாதிரியே தெரியாது. ஒரு லட்சம் பேரில் எவனுக்கும் அந்த நினைப்பு வந்திருக்காது. எனக்கும் பத்தாவது தடவை பார்க்கும்போதுதான் தோள் ஞாபகம் வந்தது.

அடுத்தது தேசியச் சாம்பியன்ஷிப் மேட்ச், அரிசோனாவில். அதற்கு முன்னால் டிசம்பரில் யங்ஸ்டவுனில் அவருடைய நண்பன் ஒருவன் கொல்லப்பட்டான். இறுதிச் சடங்குக்கு ஊருக்குப் போக வேண்டும். மாணவர்களுக்கு அவசர உதவி கொடுக்க ஒரு வழி இருக்கிறது, ஆனால் அதற்கு ஃபாரம் நிரப்ப வேண்டும். நிரப்பிக் கொடுத்தேன் என்றார் கிளாரெட். சரியாக நிரப்பவில்லை என்றது பல்கலைக்கழகம். பொய் சொல்கிறார்கள் என்று அவர் பத்திரிகைக்காரர்களிடம் வெளிப்படையாகவே சொல்லிவிட்டார். சாவு வீட்டுக்குப் போக முடியவில்லை.

2003 ஜனவரி 3 மேட்சில், 34 ஆட்டங்களாகத் தோற்காத மயாமி எதிரணி. நடுவில் ஒஹாயோவின் பந்தை மயாமியின் ஷான் டெய்லர் பறித்துக்கொண்டு ஓட, கிளாரெட் துரத்திப் போய் அவர் கையிலிருந்தே திரும்பப் பிடுங்கினார். இரண்டாவது ஓவர்டைமில் வெற்றி டச் டவுனும் அவருடையதுதான். 31-24. ஒஹாயோவுக்கு 1968-க்குப் பிறகு, 34 வருஷம் கழித்து வந்த பட்டம். கொலம்பஸில் அன்று ராத்திரி அவருக்குக் கோவில் கட்டச் சொல்லியிருந்தால் கட்டியிருப்பார்கள்.

அதன் பிறகு அவர் ஒஹாயோவுக்காக ஒரு மேட்ச்கூட ஆடவில்லை.

நடந்ததைச் சுருக்கமாகச் சொல்கிறேன். ஒரு பாடத்தில் எழுத்துத் தேர்வுக்குப் பதிலாக வாய்மொழித் தேர்வு வைத்துச் சலுகை காட்டினார்கள் என்று ஒரு புகார் 2003 ஜூலையில் பத்திரிகையில் வந்தது, பல்கலைக்கழகம் விசாரித்து ஆதாரம் போதாது என்றது. கடன் வாங்கி ஓட்டிய காரிலிருந்து 10,000 டாலருக்கு மேல் மதிப்புள்ள பொருட்கள் திருடுபோனதாக அவர் கொடுத்த போலீஸ் புகார் மிகைப்படுத்தியது என்று தெரியவந்தது. குடும்ப நண்பர் ஒருவரிடம் ஆயிரக்கணக்கில் பணம் வாங்கியதும், விசாரணையில் பொய் சொன்னதும் சேர்ந்துகொண்டன. சீசன் முழுக்க சஸ்பென்ஷன். ஆட முடியாது என்றால் தொழில்முறை லீகான என்எஃப்எல்லுக்குப் போகலாமே? ஸ்கூல் முடித்து மூன்று வருஷம் ஆகாமல் எடுக்க மாட்டோம் என்று அவர்கள் விதி. கிளாரெட் வழக்குப் போட்டார். 2004 பிப்ரவரியில் நீதிபதி ஷிரா ஷைண்ட்லின் அவர் பக்கம் தீர்ப்புச் சொன்னார். மே மாதம் மேல்முறையீட்டில் அது கவிழ்ந்தது. அந்தத் தீர்ப்பை எழுதியவர், பின்னாளில் அமெரிக்க உச்ச நீதிமன்றத்துக்குப் போன சோனியா சோட்டோமயர்.

இந்த இடத்தில் லெப்ரான் ஜேம்ஸை நினைக்காமல் இருக்க முடியவில்லை. அதே ஒஹாயோ, யங்ஸ்டவுனிலிருந்து ஒரு மணி நேரத் தூரத்தில் இருக்கும் ஆக்ரன் நகரம். கிளாரெட்டைவிட ஒரு வயது சின்னவர். அவர் ஆடியது பேஸ்கட்பால், அந்த லீகில் அப்போது இப்படி விதி இல்லை. 2003 ஜூனில், ஸ்கூல் முடித்த கையோடு, 18 வயதில் கோடீஸ்வரர் ஆனார். இருவருக்கும் குணத்தில் வித்தியாசம் இருக்கலாம், இல்லை என்று சொல்லவில்லை. ஆனால் லெப்ரான் யாருடைய நன்கொடையையும் ஒளித்து வாங்க வேண்டிய நிலைமையில் இருக்கவில்லை.

கிளாரெட் இரண்டு வருஷம் எங்கேயும் ஆடாமல் குடித்துக்கொண்டும் கோபப்பட்டுக்கொண்டும் இருந்தார். பல்கலைக்கழகத்தின் மேலும் டிரெஸ்ஸல் மேலும் பத்திரிகையில் குற்றச்சாட்டுகளை அடுக்கினார். அவர்கள் மறுத்தார்கள். ரசிகர்கள் பலருக்கு அன்றோடு அவர் துரோகி. 2005-ல் டென்வர் அணி அவரை எடுத்தது, சீசன் தொடங்கும் முன்பே வெளியே அனுப்பிவிட்டது. 2006 புத்தாண்டு அன்று கொலம்பஸில் ஒரு கிளப்புக்குப் பின்னால் இரண்டு பேரிடம் துப்பாக்கியைக் காட்டி வழிப்பறி. ஆகஸ்டில் போலீஸ் துரத்திப் பிடித்தபோது உடம்பில் குண்டு துளைக்காத கவசம், காரில் நாலு துப்பாக்கிகள், திறந்த வோட்கா பாட்டில். குற்றத்தை ஒப்புக்கொண்டார். ஏழரை வருஷத் தண்டனை. 22 வயது.

இதையெல்லாம் 'சிஸ்டம்' தலையில் கட்டிவிட்டு நகர எனக்கு விருப்பமில்லை. துப்பாக்கி நீட்டப்பட்ட இரண்டு பேருக்கு அவருடைய 1,237 கஜம் எந்தச் சமாதானமும் தராது. நான் கேட்பது வேறு. அந்த நவம்பரில் ஒஹாயோவும் மிச்சிகனும் நாட்டின் முதல் இரண்டு இடங்களில் இருந்துகொண்டு மோதின. முந்தின நாள் ஷெம்பெக்லர் இறந்துபோனார். நூற்றாண்டின் மேட்ச் என்றார்கள், ஒஹாயோ 42-39 என்று ஜெயித்தது. நாலு வருஷம் முன்னால் இதே மேட்சை ஜெயித்துக் கொடுத்தவன் அன்று ஜெயிலில். அவர் தண்டனையைக் கழித்த இடம் எது தெரியுமா? டொலீடோ சிறைச்சாலை. இரண்டு மாநிலங்களும் எந்த ஊருக்காகச் சண்டை போட்டனவோ அதே ஊர்.

ரசிகர்களின் விசுவாசம் யாரை மன்னிக்கிறது, யாரை மன்னிப்பதில்லை என்று பார்த்தால் ஒரு ஒழுங்கு தெரிகிறது. வுடி ஹேஸை எடுத்துக்கொள்ளுங்கள். 1978 டிசம்பர் 29, கேட்டர் பவுல் மேட்ச். க்ளெம்சன் அணியின் சார்லி பாமன் ஒஹாயோவின் பந்தைப் பறித்துக்கொண்டு கோட்டோரம் வந்து விழுந்தார். 65 வயது ஹேஸ் அந்த மாணவனைக் குத்தினார், நாடே டிவியில் பார்த்துக்கொண்டிருக்க. மறுநாள் வேலை போனது. ஆனால் அன்பு போகவில்லை. 1987-ல் அவர் இறந்தபோது இரங்கல் உரை ஆற்றியவர் ரிச்சர்ட் நிக்சன். ஸ்டேடியத்தின் பக்கத்துத் தெரு இன்று வுடி ஹேஸ் டிரைவ். நான் தினம் பஸ்ஸில் போன தெரு. ஹேஸ் நல்லது செய்யாதவர் இல்லை, தன் பசங்கள் படித்து டிகிரி வாங்க வேண்டும் என்று பிடிவாதமாக நின்றவர். ஆனாலும் ஒரு மாணவனை அடித்தவருக்குத் தெருவும், வழி தவறிய மாணவனுக்கு முடிக்கப்படாத வாக்கியமும்தான் கிடைத்தன.

இனி தங்கக் கால்சட்டைக்குத் திரும்பலாம். 2010 டிசம்பரில் ஒரு செய்தி வெடித்தது. குவார்ட்டர்பேக் டெரெல் பிரையர் உட்பட ஐந்து ஒஹாயோ வீரர்கள், தங்களுக்குக் கிடைத்த மோதிரம், பரிசுக் கோப்பை, தங்கக் கால்சட்டை ஆகியவற்றைக் கொலம்பஸில் ஒரு டாட்டூ கடைக்காரரிடம் விற்றிருந்தார்கள். கை மாறிய பணம் ஆளுக்கு 1,000 முதல் 2,500 டாலர் வரை. சில பேர் டாட்டூ போட்டுக்கொள்வதிலும் தள்ளுபடி வாங்கியிருந்தார்கள். ரசிகர்களுக்கு மற்றதெல்லாம்கூடப் பெரிசில்லை. கால்சட்டையையா விற்றீர்கள்? தாலியை அடகு வைத்த மாதிரி கொதித்தார்கள்.

ஐந்து பேருக்கும் அடுத்த சீசனின் முதல் ஐந்து மேட்ச் தடை. ஆனால் உடனே வரவிருந்த சுகர் பவுல் மேட்சில் ஆடலாம் என்று என்சிஏஏ அனுமதித்தது, ஏனென்றால் அந்த மேட்சுக்கு டிக்கெட் விற்றாகிவிட்டது என்று நான் நினைத்துக்கொள்கிறேன். அப்புறம்தான் தெரிந்தது, டிரெஸ்ஸலுக்கு 2010 ஏப்ரலிலேயே ஒரு வக்கீல் மின்னஞ்சலில் இதைச் சொல்லியிருந்தார். எந்த விதிமீறலும் தனக்குத் தெரியாது என்று செப்டம்பரில் டிரெஸ்ஸல் கையெழுத்துப் போட்டிருந்தார். 2011 மே 30-ல் ராஜினாமா செய்தார். அப்போது அவர் சம்பளம் ஆண்டுக்கு 35 லட்சம் டாலர் அளவில் இருந்தது. 2010 சீசனின் வெற்றிகளைப் பதிவேட்டிலிருந்து அழித்தார்கள், மிச்சிகனை அடித்ததும் சேர்த்துத்தான்.

2012 நவம்பரில், 2002 டீமின் பத்தாம் ஆண்டு. மிச்சிகன் மேட்சின் நடுவில் பழைய வீரர்களை மைதானத்துக்குக் கூப்பிட்டார்கள். அவர்கள் டிரெஸ்ஸலைத் தோளில் தூக்கிக்கொண்டார்கள். ஒரு லட்சம் பேர் ஆர்ப்பரித்தார்கள். அந்தத் தோள்களில் இருந்த அன்பு பொய்யில்லை என்றுதான் நம்புகிறேன். பசங்களுக்கு அவர் அப்பா மாதிரி இருந்தார் என்று பல பேர் சொல்லியிருக்கிறார்கள். கிளாரெட்டும் அவரோடு சமாதானமாகிவிட்டார். இது எனக்கு இந்தக் கதையிலேயே புரியாத பகுதி. இதை எப்படி எழுதுவது என்று தெரியாமல் இந்தக் கட்டுரையை இரண்டு முறை பாதியில் விட்டேன்.

2021 ஜூனில் அமெரிக்க உச்ச நீதிமன்றம் 9-0 என்று என்சிஏஏவுக்கு எதிராக ஒரு தீர்ப்புச் சொன்னது. ஜூலையில் மாணவ வீரர்கள் தங்கள் பெயர், முகம், புகழ் ஆகியவற்றை வைத்துச் சம்பாதிக்கலாம் என்று விதி மாறியது. டாட்டூ விவகார ஐந்து பேரும் உடனே எங்கள் சாதனைகளைப் பதிவேட்டில் திரும்பச் சேருங்கள் என்று கேட்டார்கள். 2025 ஜூனில் ஒரு நீதிமன்ற உடன்படிக்கைப்படி, பல்கலைக்கழகங்களே தங்கள் விளையாட்டு வீரர்களுக்கு ஆண்டுக்குச் சுமார் 2 கோடி டாலர் வரை நேரடியாகப் பிரித்துக் கொடுக்கலாம் என்றானது. இப்போது ரசிகர்களின் புலம்பல் வேறு: பசங்களுக்கு விசுவாசமே இல்லை, பணம் அதிகம் தருகிற காலேஜுக்குத் தாவிவிடுகிறார்கள். அதைக் கேட்டால் எனக்குச் சிரிப்பு வருகிறது. மூணு கம்பெனி மாறினவன் நான். விசுவாசத்தைப் பற்றிப் பேச எனக்குத் தகுதி இல்லை.

கிளாரெட் மூன்றரை வருஷத்தை டொலீடோவில் கழித்தார். உள்ளே இருந்து தபால் வழியில் படித்தார், எழுதினார். 2010 ஏப்ரலில் வெளியே வந்தபோது 26 வயது. நேராக ஒஹாயோ ஸ்டேட்டுக்குப் போய் மறுபடியும் வகுப்பில் சேர்ந்தார். இந்தத் தடவை அவரை யாரும் ஆடக் கூப்பிடவில்லை, கூப்பிட்டாலும் விதி இடம் தராது. கையில் புத்தகம், அவ்வளவுதான். பிறகு ஒமாஹாவில் ஒரு சின்ன லீகில் கொஞ்ச காலம் ஆடினார்.

டிரெஸ்ஸல் 2014-ல் யங்ஸ்டவுன் ஸ்டேட் பல்கலைக்கழகத்தின் தலைவரானார். கிளாரெட்டும் ஊர் திரும்பினார். 2016-ல் யங்ஸ்டவுனில், மனநலப் பிரச்சினையிலும் போதையிலும் சிக்கியவர்களுக்கு உதவ ஒரு அமைப்பைத் தொடங்கினார். பெயர் ரெட் ஸோன். ஃபுட்பாலில், கோல் கோட்டுக்கு முன்னால் இருக்கிற கடைசி 20 கஜத்துக்கு அந்தப் பெயர்.